பொரிகடலைக் கலரில் ஒரு அடுப்படி

எங்கள் வீட்டு அடுப்படியில் சமீபத்தில் ஒரு போட்டி நடந்தது. அதில் நான் தோற்றுப்போனேன்.

இதைப் படித்ததும் உங்களில் பாதிப்பேர் மறுபடி முதல் வரிக்குப் போயிருப்பீர்கள். சரியாகத்தான் படித்தீர்கள். இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் நான் ஜெயித்த கதைகளையே சொல்லி வந்திருக்கிறேன். என்ன செய்வது... ஜெயித்தவன் ஜெயித்த கதையைத்தானே சொல்ல முடியும்? இந்த வாரம் ஒரு மாறுதலுக்குத் தோற்ற கதை.

விஷயம் ரொம்பச் சின்னது. அடுப்படி அலமாரிக் கதவுகளுக்கு என்ன கலர் ஸ்டெய்ன் போடுவது? இவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றி, புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக. பழைய வாசகர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம், அவர்களுக்கு இது மனப்பாடம். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. சுண்ணாம்பு கரைத்துக் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்தேன். இன்றைக்குக் காரைக்குடியில் பெயின்ட், பாலிஷ் என்றால் என் கடைக்கு வராமல் ஒரு வீடு எழும்பாது. டப்பாவின் மேல் இங்கிலீஷில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மூடியைத் திறந்து காட்டுங்கள்... எந்தக் கம்பெனி, எந்தக் கலர், வெயிலில் எத்தனை நாள் தாங்கும், எல்லாம் சொல்வேன். வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டில் பழைய கதவு ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. புதுக்கதவு போட்டார்கள். கலர் சேர்த்துக் கொடுத்தவன் நான். வேலை முடிந்தபிறகு எது பழசு, எது புதுசு என்று அந்த வீட்டுக்காரரே தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அந்தக் கலவைக்கு நான் வைத்த பெயர் ‘பர்மா தேக்கு’. அளவு எனக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வருஷமாக எனக்குப் பாலிஷ் போட்டுத் தரும் காதர் பாய்க்குக்கூடச் சொன்னது கிடையாது.

சரி, கதைக்கு வருவோம்.

எங்கள் அடுப்படியில் இருந்தது பழைய சிமென்ட் தட்டு. கதவு கிடையாது. டப்பாக்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசை என் மனைவி சௌந்தரம் போட்ட வரிசை. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷமாக மாறாத வரிசை.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் கவிதாவும் பேத்தியும் எங்களோடு. கவிதா அமராவதிபுதூரில் ஸ்கூல் டீச்சர். தங்கமான பெண். ஆனால் தங்கமான பெண்களிடம் ஒரு கஷ்டம் உண்டு, நமக்கு நல்லது செய்தே தீருவேன் என்று நிற்பார்கள். போன வருஷத்திலிருந்து அவள் பிடித்த பிடி ஒன்றுதான்: அத்தை சமைத்தது போதும், சமையலுக்கு ஆள் வைப்போம்.

அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஒரு நாள் பாயசம் உப்புக் கரித்தது. இன்னொரு நாள் ரசத்தில் சீனி. வயசானால் மறதி வரும், வந்துவிட்டுப் போகட்டும் என்று நான் ரசத்தைக் குடித்துவிட்டேன். கவிதா குடிக்கவில்லை.

“அத்தை, நீங்க ஒரே ஆளா எவ்வளவு செஞ்சீங்க! இனிமே உக்காருங்க. நான் பாத்துக்கறேன்.”

“உக்காந்து?”

“டிவி பாருங்க.”

“அதுல எவளோ சமைக்கிறதப் பாக்கணும். அதுக்கு நானே சமைச்சிட்டுப் போறேன். அடுப்படிய விட்டு என்னைய வெளிய அனுப்புறதுன்னா, அப்புறம் ஒரேயடியா அனுப்பிருங்க.”

எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள். அன்றைக்குக் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு பெண்கள் பேசும்போது குறுக்கே போகக் கூடாது என்று ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும்!

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. சௌந்தரம் சமைக்கலாம். ஆனால் சிமென்ட் தட்டை எடுத்துவிட்டு, நல்ல நாட்டுத்தேக்கில் கதவு வைத்த அலமாரி, டிராயர், மேடைக்குக் கறுப்பு கிரானைட் எல்லாம் போட்டுவிட வேண்டும். சௌந்தரம் கேட்டது ஒன்றே ஒன்று.

“என் டப்பாவ யாரும் இடம் மாத்தக் கூடாது.”

ஆசாரி வந்து மர வேலையை முடித்தார். அடுத்தது கலர். கலர் என்றால் யார்? நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து சாம்பிள் பலகைகளைக் கொண்டுவந்து கிரானைட் மேடைமேல் வரிசையாக வைத்தேன். வால்நட். ரோஸ்வுட். மஹோகனி. நாலாவது என் பர்மா தேக்கு. ஐந்தாவது வெளிறிப்போன ஒரு கலர், மரத்தின் இயற்கை நிறத்துக்கு லேசாக மெருகு போட்டதுபோல இருக்கும். அதைச் சும்மா எண்ணிக்கைக்கு வைத்தேன். பெண் பார்க்கப் போகும்போது துணைக்கு ஒருத்தனைக் கூட்டிப்போவதில்லையா, அந்த மாதிரி.

“சௌந்தரம், இங்குட்டு வா. உனக்கு எது பிடிச்சிருக்குன்னு சொல்லு.”

முடிவு நான் எப்போதோ எடுத்தாகிவிட்டது. ஆனாலும் கேட்பது ஒரு மரியாதை அல்லவா?

அவள் வந்தாள். மேடைக்கு முன்னால் நின்றாள். தலையை மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம். ‘பரவாயில்லையே, கலர்காரன் பெண்டாட்டி யோசித்துத்தான் சொல்கிறாள்’ என்று எனக்குள் பெருமை. அப்புறம் விரலைக் கடைசிப் பலகைமேல் வைத்தாள்.

“இது.”

“எது?”

“இந்தா, இந்தப் பொரிகடலைக் கலரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இதா? இது ஆஸ்பத்திரியில மருந்து வைக்கிற அலமாரிக்கு அடிக்கிற கலரு. கோட்டையூர்லருந்து ஆளுக என் பர்மா தேக்கு கலரத் தேடி வந்து வாங்கிட்டுப் போறாக. என் வீட்டுல பொரிகடலையா? மத்த நாலும் எப்படி இருக்கு, அதச் சொல்லு.”

“மத்த நாலும் உங்க கடைக்கு நல்லா இருக்கும். அடுப்படி யாரோடது?”

“உன்னோடதுதான்.”

“அப்ப பொரிகடலை.”

“கண்ணத் தொறந்து பாரு சௌந்தரம்! கலர் தெரியாதவ மாதிரி பேசாத.”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். பேசாமல் போனால் சம்மதம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். உங்களில் எத்தனை கணவன்மார்களுக்கு அந்த வழக்கம் இல்லை? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

மறுநாளே காதர் பாயை வரச்சொல்லி வேலையை ஆரம்பித்தாகிவிட்டது. பெயின்ட் என்றால் மரத்தை மேலே மூடும். ஸ்டெய்ன் அப்படியில்லை, மரத்துக்குள்ளே இறங்கும். ரேகை அப்படியே தெரியும். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். வேண்டாம் என்றால் துடைத்துவிட முடியாது. இதை வாடிக்கையாளர்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், “நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க” என்று.

மூன்றே நாளில் பதினாறு கதவுகளும் பர்மா தேக்கு. கறுப்பு கிரானைட்டுக்கும் அதற்கும்... அடடா! நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு தடவை நடந்து நடந்து பார்த்தேன். சின்ன வயதில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பெரிய வீடுகளுக்குப் போவேன். உள்ளே போனால் அந்தக் கதவுகளைத் தொடக் கூடாது என்பார்கள், கை சுண்ணாம்பு என்பதால். இப்போது அதே கலர் என் வீட்டில். யார் வேண்டுமானாலும் தொடலாம்.

கவிதா போட்டோ எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினாள். சௌந்தரம் மட்டும் டப்பாக்களைப் பழைய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம்.

“என்னாச்சு?”

“கதவு இடிச்சிருச்சு.”

“தெறந்த கதவ மூடக் கூடாதா?”

“தெறந்திருக்குன்னு தெரிஞ்சா மூடியிருக்க மாட்டேனா?”

பழகிவிடும் என்றேன். நானும் ஒரு ஆள்!

அடுத்தது வெள்ளிக்கிழமை. காதர் பாய் கடைசியாக மேலே மெருகு போட வேண்டும், அதற்காகக் காலையில் வந்துவிட்டார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தால்... என் பதினாறு கதவுகளிலும் மஞ்சள் பொட்டு! குழைத்த மஞ்சளை விரலால் தொட்டு அழுத்தி வைத்த பொட்டு. இன்னும் மெருகு போடாத மரம் அது. மஞ்சள் இறங்கினால் எப்படிப் போகும்?

“சௌந்தரம்!”

பூஜை அறையிலிருந்து வந்தாள்.

“என்ன இது?”

“வெள்ளிக்கிழமை. புது அலமாரி. மங்களமா இருக்கட்டும்னு வச்சேன்.”

“ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? உனக்கு என் கலரு பிடிக்கல, அதுக்கு சாமி பேரச் சொல்லிப் பழி வாங்குற!”

“ஆமா, பழிதான் வாங்குறேன். போயி உங்க கடையிலயே குடியிருங்க.”

பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். காதர் பாய் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்தார். மறுபடி பார்த்தார்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?”

“கேளுங்க பாய்.”

“எங்க வீட்டுல இதெல்லாம் வைக்கிற பழக்கம் இல்ல. அதனால எனக்குத் தெரியல. சாமிக்குப் பொட்டு வச்சா எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரிதான வைப்பாக?”

“ஆமா.”

“நட்ட நடுவுலதான வைப்பாக?”

“ஆமா. அதுக்கென்ன?”

“இங்குட்டு வந்து பாருங்கண்ணே. இந்தக் கதவுல ஒரு பொட்டு. இதுல ரெண்டு. அங்குட்டு மூணு. நடுவுலயும் இல்ல... எல்லாம் கைப்பிடிக்குப் பக்கத்துல, ஓரமா. என்னமோ எண்ணி வச்ச மாதிரி இருக்குண்ணே.”

பார்த்தேன்.

பொட்டு என்றதும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் சாமிதான் நின்றது. நாற்பத்தாறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் பார்த்த பொட்டு, அதை யார் எண்ணிப் பார்ப்பார்கள்? அந்தப் பழக்கமே இல்லாத மனுஷன் வந்து எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு பொட்டுக் கதவைத் திறந்தேன். உப்பு, சீனி, புளி, வற்றல். இரண்டு பொட்டு, பருப்பு வகை. மூன்று பொட்டில் மல்லி, சீரகம், மிளகு. டப்பாக்களை எடுத்துப் பார்த்தேன். உப்பு டப்பாவின் மூடியில் ஒரு நூல் கட்டியிருந்தது. சீனி டப்பாவில் நூல் இல்லை.

பாயசத்தில் உப்பும் ரசத்தில் சீனியும் எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. மறதி இல்லை. மறதி உள்ளவள் இப்படி நூல் கட்டி, பொட்டு எண்ணி வைப்பாளா?

காதர் பாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். “மெருகு இன்னைக்கு வேணாம் பாய்.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. “சரிண்ணே. அக்காவத் திட்டாதீக” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சௌந்தரம் காபி போடுவாள். அன்றைக்கு நான் முன்னாலேயே போய் அடுப்படிக்குள் நின்றுகொண்டேன், அவளுக்கு இடது பக்கமாக, இரண்டு கை தூரத்தில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட்டத்தில் நின்றாலும் என்னைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இந்த ஊரில் சொல்வார்கள்.

வந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். இடது கையை நீட்டினாள், விரல் கதவின்மேல் நடந்தது, மஞ்சள் பொட்டைத் தொட்டு நின்றது. ஒன்று... இரண்டு... இல்லை. அடுத்த கதவில் ஒற்றைப் பொட்டு. திறந்தாள். மூடியைத் தடவி நூல் இல்லாத டப்பாவை எடுத்தாள். சீனியைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் டம்ளரில் போட்டாள்.

அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஊரெல்லாம் தெரிந்த ஆள் நான்... இரண்டு கை தூரத்தில் இருக்கும் என் மனைவிக்குத் தெரியவில்லை.

“சௌந்தரம்.”

கையிலிருந்த கரண்டி விழுந்தது.

“எப்ப வந்தீக?”

“நீ வாறதுக்கு முன்னாடியே.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து கரண்டியைத் தேடினாள். அது காலுக்குப் பக்கத்தில் ஓரமாகக் கிடந்தது. கை அங்குமிங்கும் தடவியது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

“எத்தன நாளா?”

“ரெண்டு தீபாவளியா. நேரா பாத்தா தெரியுது. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல. ஓரமெல்லாம் புகை மூட்டமா இருக்கு. இருட்டுக் கலரா இருந்தா எது கதவு, எது கல்லுன்னு பிடிபட மாட்டேங்குது.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கவிதா என்ன செய்யும்? நல்ல புள்ள. நல்ல புள்ளைங்கறதுதான் பயமே. சண்ட போடுற மருமகளா இருந்தா எதுத்து நிப்பேன். இது கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி நாற்காலியில உக்கார வச்சு, கையில காபியக் குடுத்துரும். அப்புறம் நான் எதுக்கு எந்திரிக்கணும், சொல்லுங்க?”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கொஞ்சம் சிரித்தாள்.

“சொன்னேனே. அஞ்சு பலகைய வச்சு எது பிடிச்சிருக்குன்னு கேட்டீக. அந்த ஒண்ணுதான் அங்க இருக்குன்னே தெரிஞ்சுச்சு எனக்கு. அதத்தான் காட்டினேன்.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. ‘கண்ணத் தொறந்து பாரு’ என்று இதே இடத்தில் நின்று இந்த வாய்தான் அவளைச் சொன்னது. அன்றைக்கு அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனது சம்மதம் இல்லை. அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“கவிதாகிட்டச் சொல்லாதீக” என்றாள்.

“முதல்ல டாக்டர்கிட்டச் சொல்லுவோம்.”

ஆனால் மதுரைக்குப் போக வேண்டும், கண்ணில் சொட்டு மருந்து விட்டால் திரும்பி வரக் கைப்பிடிக்க ஆள் வேண்டும்... கவிதாவிடம் எப்படி மறைப்பது? சொன்னோம். அவள் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். காரில் சௌந்தரம் மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் போகிறவள் மாதிரி.

மதுரையில் கண் டாக்டர், ஒரு சின்ன வயது அம்மா, எல்லாச் சோதனையும் செய்துவிட்டுச் சொன்னார்: கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைக் கெடுத்திருக்கிறது. போன பார்வை திரும்ப வராது. ஆனால் தினமும் மருந்து விட்டு, சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்து காட்டினால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றி வைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சௌந்தரம் கேட்டது என்ன தெரியுமா? முழுதாகப் பார்வை போய்விடுமா என்று கேட்கவில்லை.

“அம்மா... நான் சமைக்கலாமா?”

டாக்டர் கொஞ்சம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

“தாராளமா சமைங்க. அடுப்படியில நல்ல வெளிச்சம் வேணும். எல்லாம் ஒரே இருட்டுக் கலரா இருக்கக் கூடாது. கதவு வேற, மேடை வேற, ஓரம் வேறன்னு பளிச்சுனு பிரிஞ்சு தெரியணும். வீட்டுல கலர் விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுச் செய்யுங்க.”

கலர் விஷயம் தெரிந்தவர்! நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது மேலூர் வரைக்கும் கவிதா அழுதுகொண்டே வந்தாள். மேலூர் தாண்டியதும் மூக்கைச் சிந்திவிட்டு,

“அத்தை, உங்கள நாற்காலியில உக்கார வச்சிருவேன்னு பயந்தீங்களாம்ல. மாமா சொன்னாக.”

சௌந்தரம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் பார்த்தால் நன்றாகவே தெரிகிறது அவளுக்கு!

“எனக்கு ரசப்பொடி எந்த டப்பாவுல இருக்குன்னே தெரியாது அத்தை. உங்கள உக்கார வச்சுட்டா நான்தான் பட்டினி கெடக்கணும். ஆனா ஒண்ணு... எண்ணெய்ச் சட்டி வைக்கிறப்ப மட்டும் என்னையக் கூப்பிடணும். அதுக்கு நீங்க ஒத்துக்கணும்.”

சௌந்தரம் யோசித்தாள். பெரிய பேரம்.

“அப்பளத்துக்குமா?”

“அப்பளத்துக்கும்தான்.”

“சரி. வடைக்கு மட்டும் மாவு நான்தான் தட்டிப் போடுவேன்.”

திருப்பத்தூர் வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்தது.

மறுநாள் காதர் பாயைக் கூப்பிட்டேன்.

“பாய், பதினாறு கதவையும் கழட்டணும். கலரச் சுரண்டணும்.”

“எந்தக் கலரண்ணே?”

“என் கலரத்தான்.”

“முப்பது வருஷத்துல உங்க கலரச் சுரண்டச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லண்ணே. முதல் ஆளே நீங்களா?” என்றார்.

ஸ்டெய்ன் இறங்கியது இறங்கியதுதான் என்று சொன்னேன் அல்லவா? அது அன்றைக்கு என் தோள்பட்டைக்கும் புரிந்தது. எழுபத்திரண்டு வயதில் கொல்லையில் உட்கார்ந்து, சொரசொர உப்புத்தாளில் ஆரம்பித்து நைசுத் தாள் வரைக்கும் தேய் தேய் என்று தேய்த்தேன். மெஷின் வைத்திருக்கிறேன் அண்ணே என்று காதர் பாய் சொன்னார். அவர் பாட்டுக்கு மெஷினில் தேய்த்தார். எனக்குக் கையால்தான் தேய்க்க வேண்டும்போல் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சௌந்தரம் நடுவில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“எதுக்கு இந்த வேல? இருக்கட்டும்னு விட்டுருக்கலாம்ல. நான்தான் பொட்டு வச்சுக்கிட்டேனே.”

“நீ மோர வச்சுட்டுப் போ.”

“தோளப் பிடிச்சுக்கிட்டே தேய்க்கிறீக.”

“மோர் குடிச்சா சரியாயிரும்.”

அவள் போகவில்லை. பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, தேய்த்த பலகையைத் தடவித் தடவி, “இங்க இன்னும் சொரசொரன்னு இருக்கு... இங்க வந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணை வைத்து வேலை பார்க்கும் எனக்குத் தெரியாத இடமெல்லாம் அவள் விரலுக்குத் தெரிந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பதினாறு கதவும் பொரிகடலைக் கலர் ஆனது. கறுப்பு மேடைக்கு மேலே வெளிச்சமாகப் பளிச்சென்று நின்றது. ஆனால் திறந்த கதவின் விளிம்பு? வெளுத்த கதவு வெளுத்த சுவருக்கு முன்னால் திறந்து நின்றால் மறுபடியும் நெற்றியில்தானே இடிக்கும்?

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நோய் அவளிடமிருந்து ஓரத்தைத்தானே எடுத்துக்கொண்டு போனது? சரி... ஓரத்தை நான் போட்டுத் தருகிறேன்.

ஒவ்வொரு கதவிலும் நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு, கதவின் கனத்திலும் சேர்த்து, என் பர்மா தேக்குக் கலவையைத் துணியில் தொட்டு நானே இழுத்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில், அவள் மஞ்சள் வைத்த அதே இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னதாகக் குழி தோண்டி, அதற்குள்ளும் அதே கலர். உப்புக்கு ஒன்று, பருப்புக்கு இரண்டு, மல்லி சீரகத்துக்கு மூன்று. மேலே மெருகு. இனி அழியாது.

காதர் பாய்க்கு அளவைச் சொல்லித்தான் கலக்கச் சொன்னேன். ஆமாம், முப்பது வருஷ ரகசியம் போய்விட்டது. பொட்டை எண்ணிச் சொன்னவருக்கு அதுகூடச் சொல்லவில்லை என்றால் எப்படி?

போன வாரம் கோட்டையூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்தார். அடுப்படியைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். “என்ன மாடல் இது? ஓரத்துல கோடு, கைப்பிடிகிட்டப் பொட்டு... எங்க வீட்டுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுங்க” என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். “உங்க வீட்டு அம்மாகிட்டக் கேட்டீகளா?” என்றேன். “அவகிட்ட என்ன கேக்கறது?” என்றார். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கடையில் இப்போது என் முதல் கேள்வி அதுதான்.

கதவெல்லாம் மாட்டி முடித்த அன்று சௌந்தரம் மெதுவாக அடுப்படிக்குள் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். பெரிய பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல் இருந்தது. நான் பரீட்சை எழுதியவன் இல்லை, எழுதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒரு கதவைத் திறந்தாள். மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள், தடவாமல். விரலை விளிம்பின்மேல் வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள்.

“இந்தக் கோடு நல்லா இருக்கே. என்ன கலரு இது?”

அது என்ன கலர் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“பர்மா தேக்கு” என்றேன்.

“இம்புட்டு நல்ல கலர வச்சுக்கிட்டு ஏன் முன்னாடியே காட்டல?”

நாற்பத்தாறு வருஷத்தில் என் கலருக்கு அவளிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு. அதுவும்... ஒரு விரல் அகலத்துக்கு மட்டும்!